ஜொகூரில் ஆறு உறைந்த வருஷம்

இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரையில் நெதர்ஃபோர்டு என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கே அதன் சரித்திரம் அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும், பந்தயம் கட்டலாம். முழுசாகத் தெரிந்தவர்கள் மலாயாவில், குளுவாங்கைத் தாண்டி ரப்பர் காட்டுக்குள் இருந்தார்கள். பால் வெட்டுகிற அங்கம்மாவுக்குத் தெரியும். மாடு மேய்க்கிற கிழவருக்குத் தெரியும். கிழவரைக் காணோமென்றால் அவருடைய மாட்டைக் கேட்கலாம், அதுவும் பாதி சொல்லும்.

காரணம் பன்னு.

தோட்டத்தை உண்டாக்கிய ஹார்க்ரேவ் துரை நெதர்ஃபோர்டில் பிறந்தவர். செம்புரோங் ஆற்றில் போய் விழுகிற கிளையாறு ஒன்று தோட்டத்தை வளைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது. பிறந்த ஊரை அப்படியே இங்கே இறக்கத் தொடங்கினார். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே கல் தடுப்பு உண்டாம், இங்கேயும் ஒன்று கட்டினார். அங்கே தடுப்பின் வாயில் கூடை வைத்து விலாங்கு பிடிப்பார்களாம், இங்கேயும் வரிசையாக மூங்கில் புபுக் கூடைகள். அங்கே போலவே ஒரு தட்டைப் படகு. வெள்ளம் ஏறிய உயரத்தை அங்கே மாதா கோயில் சுவரில் வெட்டி வைப்பார்கள், இங்கே கரைப் பாறையில். அங்கே அன்னப் பறவைகள் மிதக்கும். ஜொகூரில் அன்னத்துக்கு எங்கே போவது? சிம்பாங் ரெங்கத்துச் சீனர் ஒருவரிடம் வாத்து வாங்கி வந்து, கழுத்தை நீட்டி நடக்கப் பழக்கினார். அவை நீட்டத்தான் செய்தன. அதற்கப்புறம் மடக்க மறந்துவிட்டன.

கிறிஸ்மஸ் மத்தியானம் வேதக்காரர், இந்து என்று பாராமல் தோட்டமே ஆற்றங்கரைப் புல்வெளியில் கூட வேண்டும். துரை நெதர்ஃபோர்டின் சரித்திரம் சொல்வார். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி ரோலண்ட் அதைத் தமிழில் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகுதான் திராட்சை வைத்த பன்னும் டீயும். அதனால் சரித்திரத்தில் எந்த இடம் ஓடுகிறது, பன்னுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று எல்லாருக்கும் அத்துப்படி.

"சாமியாருங்க மில்லு கட்டிட்டாங்க," என்பாள் அங்கம்மா, கொட்டாவி விட்டுக்கொண்டே. "இன்னும் ரெண்டு வெள்ளம், ஒரு கொள்ளை நோய், ஆறு உறையணும். அப்புறம் பன்னு."

ஒரு வருஷம் ரோலண்ட், பசி தாங்காமல், ஆறு உறைந்த கட்டத்தை விழுங்கிவிட்டார். துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். முகம் சிவந்து, சரித்திரத்தை முதல் சாமியாரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பன்னு கைக்கு வந்தபோது கருங்கல்லாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கிராணி வீட்டுத் தகரக் கூரையில் விழுந்த பன்னுகளின் சத்தம் குளுவாங் ரயில் ஸ்டேஷன் வரை கேட்டதாம். அதிலிருந்து அந்தத் தோட்டத்தில் எதை வேண்டுமானாலும் மறக்கலாம், ஆறு உறைந்ததை மறக்க விடமாட்டார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை சிங்கப்பூருக்கு ஓடினார். அங்கே பிடித்து அடைத்துவிட்டார்கள் என்று பேச்சு. ரப்பர்ப் பால் வாங்க ஆளில்லை. கத்திகள் துருப்பிடித்தன. மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டார்கள். காலையில் மரவள்ளி அவியல், மத்தியானம் மரவள்ளிக் களி, ராத்திரி மரவள்ளி ரொட்டி. சேலை கிழிந்து சாக்கு ஆனது, சாக்கு கிழிந்தால் அதற்கு மேல் இறங்க ஒன்றுமில்லை.

அதையும் தாங்கிக்கொண்டார்கள். லாரியைத்தான் தாங்க முடியவில்லை. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்று சொல்லி முதல் லாரி வந்து ஒரு லயன் வரிசை வீடுகளின் ஆம்பிளைகளை அள்ளிக்கொண்டு போனது. அங்கம்மாவின் புருஷன் அதில் போனவன்தான். ஒரு சொல் திரும்பி வரவில்லை. அவள் இன்னமும் சாயங்காலமானால் அவன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவாள். அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசமாட்டார்கள்.

இரண்டாவது லாரிக்கு ஆள் எடுக்க மொரித்தா என்ற ஜப்பான் அதிகாரி வந்து சேர்ந்தான். கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். வந்த அன்றே தோட்டத்துப் பெயர்ப் பலகையைப் பிடுங்கி விறகாக்கினான். பங்களாவில் இங்கிலீஷ் வாடை அடித்ததெல்லாம் உடைந்தது. கடைசியில் ஆற்றுக்கு வந்து, தடுப்பைப் பார்த்து, பூட்ஸ் காலால் ஒரு கூடையை எத்தினான். உள்ளேயிருந்து கை மொத்தத்தில் ஒரு விலாங்கு வழுக்கி வந்து அவன் பூட்ஸைச் சுற்றியது.

உதறுவான் என்று நினைத்தார்கள். சொந்த ஊர்க்காரனைச் சந்தையில் பார்த்துவிட்டவன் மாதிரி அப்படியே நின்றான்.

தடுப்பும் கூடைகளும் படகும் மரியநாதன் பொறுப்பு. அவன் மனைவி கெர்ட்ரூட் பங்களாவில் சமையல். லயன்காரர்கள் வாயில் அவள் கெருத்தம்மா. இரண்டு பெண் பிள்ளைகள். மரியநாதன் தண்ணீரில் மட்டும் தைரியசாலி, கரையேறினால் பெண்டாட்டியின் முந்தானைக்குப் பின்னால்தான் நிற்பான்.

மொரித்தாவின் உத்தரவை ரோலண்ட் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். அடி வாங்கியே ஜப்பான் பாஷை படித்தவர் அவர்.

"விலாங்கைக் கரியில வாட்டணுமாம். இனிப்பா, கறுப்பா."

"இனிப்பாவா? மீனையா? அந்தாளுக்கு வயித்துல ஏதும் கோளாறா, கிராணியாரே?"

"மெல்ல பேசும்மா. போறது என் தலை."

முதுகோடு கீறி, முள் எடுத்து, மூங்கில் குச்சியில் கோத்து, சோயா கிச்சாப்பும் குலா மலாக்கா வெல்லமும் இஞ்சியும் குழைத்துத் தடவித் தடவி வாட்டினாள். பழக்க தோஷத்தில் ஒரு பிடி மிளகாய்த்தூளும் விழுந்துவிட்டது. மொரித்தா சாப்பிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மிளகாய் என்றார் ரோலண்ட், ஊர் ஞாபகம் என்றாள் கெர்ட்ரூட். குச்சியை நக்கி வைத்துவிட்டு அவன் கேட்டான்.

"அந்தத் தடுப்பை யார் கட்டினது? வெள்ளைக்காரனா?"

ரோலண்ட் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தார். கெர்ட்ரூட் பார்த்தாள். வெள்ளைக்காரன் கட்டியதென்றால் தடுப்பு உடையும். தடுப்பு உடைந்தால் மரியநாதனுக்கு இங்கே வேலை இல்லை. வேலை இல்லாத ஆம்பிளைக்கு இருக்கிற ஒரே இடம் லாரி.

"அவனா? அவன் நேத்து வந்தவன், துவான். இது ஆதி காலத்து ஊரு. ராஜா வந்து விலாங்கு சாப்பிட்ட ஊரு. தடுப்புக்காரனைப் படைக்கு எடுக்கக்கூடாதுன்னு அவர் போட்ட உத்தரவு இன்னும் இருக்கு. சொல்லுங்க, கிராணியாரே, சொல்லுங்க."

ரோலண்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சொன்னார். மொரித்தா ஆற்றுப் பக்கம் திரும்பினான்.

"என் ஊரும் ஆற்றங்கரை. எங்களுக்கும் தடுப்பு உண்டு," என்றான். "ஞாயிற்றுக்கிழமை லாரி வரும். ஊர் முழுக்கக் கூடி எனக்குச் சரித்திரம் சொல்லட்டும். பழைய ஊர் என்றால் தடுப்பும் அதன் ஆட்களும் இங்கேயே இருக்கலாம். வெள்ளைக்காரன் வேலை என்று தெரிந்தால் தடுப்பை வெடி வைத்து உடைப்பேன். ஆம்பிளைகள் எல்லாரும் சயாமுக்கு. பொய் சொன்ன பெண்ணும் அதே லாரியில்."

செய்தி லயனுக்குப் போனபோது மரியநாதன் குந்தியிருந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"ஏ கெர்ட்ரூட், நான் காட்டுக்குள்ள போயிடுறேன்."

"போங்க. வாசப்படி பல்லிக்கே பயந்து படகுல படுக்கிற ஆளு, புலி வந்தா என்ன செய்வீங்க?"

"சரித்திரம்னியே, எந்தச் சரித்திரத்தைச் சொல்லப் போறே? இந்த இடம் என் கண்ணு முன்னாடி காடு. உங்க அப்பா வெட்டின காடு."

"நமக்குத் தெரிஞ்சது ஒரே சரித்திரம்தானே? அதைத்தான்."

ரோலண்ட் தலையில் கைவைத்தார். "அலமாக்! அது வெள்ளைக்காரன் ஊரும்மா!"

"பேரைச் சொன்னாத்தானே? இங்கிலாந்து வேணாம். நெதர்போடு வேணாம். சாமியாருங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. வெள்ளம் சிகாமட்ல வரலியா? ராஜா இல்லாத நாடா? அந்த ராஜா தொப்பி போட்டவரா தலப்பாக் கட்டினவரான்னு எவன் பார்த்தான்?"

"ராஜா உக்காந்து சாப்பிட்ட கல்லு ஒண்ணு வருமே?" என்றாள் அங்கம்மா. அவளுக்குள் எதுவோ சூடு பிடித்துவிட்டது. "துரை குதிரை ஏற மிதிப்பாரே, அந்தக் கல்லைப் புரட்டிப் போட்டுடலாம்டி. பாசி ஒட்ட வைக்கிறது என் பொறுப்பு. பழைய கஞ்சித் தண்ணி ஊத்துனா ராஜா என்ன, அவர் தாத்தா உக்காந்த மாதிரியே ஆயிடும்."

"ஊத்து. ஆனா எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடு, அக்கா. ஆறு உறைஞ்ச கதை மட்டும் வேணாம். வேகுற வெயிலு. இங்க ஆறு உறைஞ்சுதுன்னா எந்த மடையன் நம்புவான்?"

"சொல்றேன்," என்றாள் அங்கம்மா. சொல்லவும் சொன்னாள். ஆனால் பன்னு கற்றுக் கொடுத்த பாடம் வாய்ச்சொல்லில் அழியுமா?

அந்த வாரம் தோட்டம் உழைத்த உழைப்பில் ஒரு நிஜ ஊரையே கட்டி முடித்திருக்கலாம். கல் புரண்டது, பாசி பிடித்தது. வெள்ளக் குறிகளைப் பெண்கள் கூடிக்கூடிப் பாறையில் மேலே மேலே வெட்டிக்கொண்டே போனார்கள். கடைசிக் குறியளவு வெள்ளம் நிஜமாக வந்திருந்தால் குளுவாங் மலை உச்சியில் முதலை முட்டை போட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தூறலோடு விடிந்தது. மழை வலுத்து மறுபடி தூறலானபோது லாரி வந்து புல்வெளி ஓரத்தில் நின்றது. துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். லயன் ஆம்பிளைகள் ஆளுக்கொரு துணி மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். மரியநாதன் கடைசி. சின்னவள் அவன் மூட்டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

மொரித்தா ராஜா கல்லில் உட்கார்ந்தான். கஞ்சித் தண்ணீர் வாடைக்கு ஒரு தரம் மூக்கைச் சுளித்தான். மடியில் வாழையிலை, அதில் வாட்டிய விலாங்கு. கெர்ட்ரூட் ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு தொடங்கினாள். ரோலண்ட் பக்கத்தில் நின்று ஜப்பான் பாஷையில் சொன்னார்.

"முதல்ல இங்க ஆறும் நாணலும்தான். அப்புறம் ஏழு சாமியாருங்க படகுல வந்து இறங்கினாங்க…"

கூட்டம் தானாகத் தலையசைத்தது. சாமியார்கள் மில் கட்டினார்கள். ஊர்க்காரர்கள் குடியிருக்கிற நிலத்துக்கு வாடகையாக விலாங்கு கொடுத்தார்கள். சண்டையில் தோற்ற ராஜா பசியோடு ஓடி வந்தார். தடுப்புக்காரன் வீட்டில் விலாங்கு சாப்பிட்டார். இந்த வீட்டு ஆளைப் படைக்கு எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மொரித்தா மென்றுகொண்டே கேட்டான். கெர்ட்ரூட்டுக்குக் குரல் ஏறியது. முதல் வெள்ளம், இரண்டாம் வெள்ளம், பாறையைக் காட்டினாள். மொரித்தா குறிகளை அண்ணாந்து பார்த்ததில் தொப்பி கீழே விழுந்தது. கொள்ளை நோய் வந்தது, போனது.

"அதுக்கப்புறம் ஊரு நல்லா இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அப்படியே இருக்கு, துவான்," என்று முடித்தாள்.

கூட்டத்தில் ஒரு நெளிவு. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளைகள் கை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டன. எங்கேயோ ஒரு கிழவர் 'ப்ச்' என்றார். அங்கம்மா பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அடியே கெருத்தம்மா! ஆறு உறைஞ்சதை விட்டுட்டியேடி!"

"ஆமா, விட்டாச்சு!" என்றது கூட்டம். "முதல்ல இருந்து சொல்லணும்!"

கெர்ட்ரூட் கண்ணால் கெஞ்சினாள். ரோலண்ட் ஜப்பான் பாஷையை அந்த நிமிஷமே மறந்துபோனவராக வானத்தைப் பார்த்தார். அங்கம்மா அவரை நம்பி இல்லை. முன்னே வந்து, தனக்குத் தெரிந்த மலாயில், மொரித்தாவுக்கும் தெரிந்த மலாயில், கையை விரித்துப் போட்டாள்.

"துவான்! சுங்கை ஜாடி பத்து! ஓராங் ஜாலான் ஆத்தாஸ்!"

ஆறு கல்லாப் போச்சு, ஜனங்க மேல நடந்தாங்க. சொல்லிவிட்டு, ஊர் கௌரவத்தைக் காப்பாற்றிய பெருமையில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அடுத்த மூச்சில்தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. முகம் கறுத்தது.

மொரித்தா இலையைக் கீழே வைத்தான். எழுந்தான். சிப்பாய்கள் விறைத்தார்கள்.

"ஜொகூரில் ஆறு உறைந்ததா?"

ஆற்றில் வாத்துகள் நீட்டிய கழுத்தோடு மிதந்தன.

"உறைஞ்சது," என்றாள் கெர்ட்ரூட்.

"இங்கே பனி ஏது?"

அவள் வரிசையின் கடைசியைப் பார்த்தாள். சின்னவள் இன்னும் முடிச்சை விடவில்லை. கெர்ட்ரூட் ஓரடி முன்னே வைத்தாள்.

"அப்படிக் கேளுங்க, துவான். இருந்த பனி எங்க போச்சு? அதைத்தான் நாங்களும் கேக்குறோம். அந்தக் காலத்துல இங்க எப்பவும் குளிரு. பல்லு தந்தி அடிக்கும். வெள்ளைக்காரன் வந்தான். காட்டைப் பூரா வெட்டினான். ரப்பரை நட்டான். குளிரு போனதுதான், திரும்பலை. தகரத்தைத் தோண்டி எடுத்தான், மரத்துல பாலை எடுத்தான், எங்க பனியையும் எடுத்துட்டுப் போயிட்டான். அவன் ஊர்ல இப்ப எவ்வளவு பனி கிடக்குன்னு போய்ப் பாருங்க! அத்தனையும் ஜொகூர் பனி!"

ரோலண்ட் அதைச் சொன்னபோது குரல் முதலில் நடுங்கியது, பாதியில் நின்றது, கடைசி வரியில் அவரே நம்பிவிட்டதுபோல முழங்கியது.

"ஆமா, துவான்!" என்றது தோட்டம். "திருடிட்டாங்க, துவான்!"

சிப்பாய்களில் ஒருவன் ஆத்திரத்தில் வேறு பக்கம் திரும்பித் துப்பினான். இங்கிலீஷ்காரன் பனியைத் திருடவில்லை என்று இவர்கள் முன்னால் எந்த ஜப்பான் அதிகாரி வாதாடுவான்? மொரித்தா கெர்ட்ரூட்டையே பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் என்னவோ ஆடியது. தோள் குலுங்கியது. பிறகு சிரித்தான். அந்த ஆளுக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருக்குமென்று அவன் அம்மாவுக்கே தெரிந்திருக்காது. வாத்துகள் கலைந்து பறந்தன.

"எங்கள் ஊர் ஆறு இப்போதும் உறையும்," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெள்ளைக்காரன் அங்கே வந்ததில்லை. நீ சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும்."

மறுபடி உட்கார்ந்தான். மிச்ச விலாங்கை எடுத்தான். "தடுப்பு இருக்கட்டும். அதன் ஆட்களும் இருக்கட்டும். எத்தனை பேர்?"

மரியநாதன் ஒரு விரலைத் தூக்கப் போனான். கெர்ட்ரூட் பார்த்த பார்வையில் விரல் மடங்கியது.

"கூடை தூக்க ரெண்டு பேரு, துவான். கூடை பின்ன நாலு பேரு. மூங்கில் வெட்டப் போறவங்க தனி. படகுக்கு ஆளு, துடுப்புக்கு ஆளு. நீர்நாய் விரட்ட இந்தக் கரையில அஞ்சு, அந்தக் கரையில அஞ்சு. முதலைக்குக் காவல். வெள்ளம் பார்க்க ஒருத்தன், அவன் தூங்காம இருக்கானான்னு பார்க்க ஒருத்தன்…"

சொல்லச் சொல்ல வரிசையிலிருந்து ஒவ்வொருவனாக மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினான். அவள் வாய் மூடியபோது லாரிக்கென்று ஒருத்தனும் மிச்சமில்லை.

"ஒரு விலாங்குக்கு இவ்வளவு பேரா?" என்றான் மொரித்தா.

"சரியா வாட்டுறதுக்கு நான் ஒருத்தி போதும், துவான். பிடிக்கிறதுதான் கஷ்டம்."

மொரித்தா இலையை மடித்து வைத்து, சிப்பாய்களைப் பார்த்துக் கை அசைத்தான். போகலாம்.

லாரி உறுமியது. முன்னே நகரவில்லை. காலை மழையில் புல்வெளி சேறாகி, பின்சக்கரம் அச்சு வரை புதைந்திருந்தது. உறுமினால் இன்னும் புதைந்தது. சிப்பாய்கள் இறங்கித் தள்ளிப் பார்த்துச் சறுக்கி விழுந்தார்கள்.

அங்கம்மாதான் முதலில் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"டேய், என்னடா பார்த்துட்டு நிக்கிறீங்க? வந்த விருந்தாளியை வழியனுப்ப வேணாமா? தள்ளுங்கடா!"

சயாமுக்குப் போக நின்ற அத்தனை ஆம்பிளைகளும் சேற்றில் குதித்தார்கள். மரியநாதன் பின்பலகையில் தோளைக் கொடுத்தான். அங்கம்மா அவன் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும், பல்லைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வழிய, அந்த லாரியைத் தள்ளிய தள்ளில் அது ஒரு தரம் குலுங்கியது.

"ஏலேலோ!" என்றாள்.

"ஐலசா!" என்றது தோட்டம்.

சேற்றை மூஞ்சியெல்லாம் வாரி அடித்துவிட்டு லாரி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அதற்குப் பிறகும் அவர்கள் விடவில்லை. ஓடிக்கொண்டிருந்த லாரியைத் துரத்தித் துரத்தித் தள்ளினார்கள். வளைவு தாண்டியும் தள்ளினார்கள். அது டிரைவர் இல்லாமலே குளுவாங் போய்ச் சேர்ந்திருக்கும், அப்படித் தள்ளினார்கள்.